வேகத்தடை அல்ல, கைகாட்டி!

(“புதிய சாலைக்கு முன் அதன் பாதிப்பை அளப்பது வளர்ச்சிக்கு வேகத்தடையா, கைகாட்டியா?” என்ற தலைப்பில், சோளிங்கர்ப் பட்டிமன்றத்தில் ‘கைகாட்டியே’ அணிக்காகப் பேசியது.)

நடுவர் அவர்களே! எதிரணியில் தெம்பாக உட்கார்ந்திருக்கிற நண்பர்களே! மலைமேல் இருக்கிற யோக நரசிம்மரைப் படியேறியோ, 2024 மார்ச்சிலிருந்து ரோப் காரில் ஏறியோ கும்பிட்டுவிட்டு இங்கே வந்திருக்கிற சோளிங்கர்ப் பெரியோர்களே, தாய்மார்களே!

எனக்கு முன்னால் பேசிய சகோதரிக்கு நீங்கள் தட்டிய கைதட்டல் பெரிய மலை வரைக்கும் கேட்டிருக்கும். “ஆம்புலன்ஸ் நெரிசலில் நிற்கிறது, நீங்கள் உட்கார்ந்து ஏரியை எண்ணுகிறீர்களா?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. ரோடு வேண்டாம் என்று எங்கள் அணி சொல்லவே இல்லை. ஆம்பூர் செருப்பும் ராணிப்பேட்டைத் தோலும் சென்னைத் துறைமுகத்துக்கு நேரத்தோடு போயாகணும். அளந்து போடு என்கிறோம், அவ்வளவுதான்.

தமிழ்ப் பேராசிரியர் எழுந்தால் குறள் சொல்வார் என்று எதிரணித் தலைவர் பேனாவும் கையுமாகக் காத்திருக்கிறார். இன்றைக்குக் குறள் கிடையாது ஐயா. ஏரி, கல்வெர்ட்டு, கோர்ட்டு, இவ்வளவுதான்! (சிரிப்பு)

கோர்ட்டிலிருந்தே வருகிறேன். 2018-இல் சென்னை - சேலம் எட்டு வழிச்சாலை. 277 கிலோமீட்டர், 10,000 கோடி ரூபாய். என்ன செய்தார்கள்? முதலில் வயலில் கல் நட்டார்கள். திருவண்ணாமலைப் பக்கமும் சேலத்துப் பக்கமும் விவசாயி அந்தக் கல்லைப் பார்த்துத்தான் தன் கிணறு போகிறது என்று தெரிந்துகொண்டான். நம்ம ஊரில் பெண் பார்ப்பது, சம்மதம் கேட்பது, அப்புறம்தான் தாலி. இங்கே தாலியைக் கட்டிவிட்டு, “ஏம்மா, மாப்பிள்ளை பிடிச்சிருக்கா?” என்று கேட்ட கதை! (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

2019 ஏப்ரல் 8-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் நில எடுப்பு அறிவிக்கையை ரத்து செய்தது. உடனே எதிரணி, “2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அறிவிக்கை செல்லும் என்றதே!” என்பார்கள். சொன்னது, மறைக்கவில்லை. நிலம் எடுக்கப்போவதாக அறிவிக்கச் சுற்றுச்சூழல் அனுமதி முன்கூட்டியே தேவையில்லை, ஆனால் வேலை தொடங்கும்முன் அது கட்டாயம் என்றது. ரெண்டரை வருஷம் வழக்கிலேயே போச்சே, அதற்கு யார் காரணம்? அளந்தவனா, அளக்காமல் கல் நட்டவனா? எது ஐயா வேகத்தடை?

இப்போது நம்ம வீட்டு வாசலுக்கு வருவோம். பெங்களூரு - சென்னை விரைவுச்சாலைக்கு 2022 மே 26-ஆம் தேதி பிரதமர் அடிக்கல் நாட்டினார். 262 கிலோமீட்டர், 14,870 கோடி. வாலாஜாப்பேட்டை, அரக்கோணம் என்று நம் ராணிப்பேட்டை மாவட்டத்தைக் கடந்து போகிற வழி. இது ஏரி நாடு. மேல் ஏரி ரொம்பினால் கலங்கல் வழிஞ்சு கீழ் ஏரிக்கு. அது ரொம்பினால் அடுத்த ஊருக்கு. எல்லாம் வரத்துக் கால்வாய் வழியாக. நடுவில் ரெண்டு ஆள் உயரத்துக்கு மண்ணைக் கொட்டி ரோடு போட்டால், தண்ணீர் எங்கே போகும்? கல்வெர்ட்டு வைப்பார்கள். எங்கே வைப்பது, எவ்வளவு அகலத்துக்கு வைப்பது? அங்கேதான் விஷயம். சித்திரை வெயிலில் வந்து பார்க்கிற இன்ஜினீயருக்குக் கால்வாய் வெறும் பள்ளமாகத் தெரியும். ஐப்பசியில் வந்து பார்த்தால் அது ஆறு. காற்று, நீர் அளவெடுக்க மழைக்காலம் அல்லாத ஒரு பருவம் போதும் என்பதுதான் நடைமுறையாக இருந்துவருகிறது. ஏரியைக் கோடையில் அளக்கிறது, கல்யாண வீட்டுக்கு மறுநாள் போய் எத்தனை பேர் சாப்பிட்டாங்கன்னு எண்ணுற மாதிரி! (சிரிப்பு) அந்த ஊர் நீர்க்கட்டியைக் கேட்டால் போதும். “தம்பி, இங்கே ஒரு கண் பத்தாது, மூணு கண் வையி”ன்னு நின்ன இடத்திலேயே சொல்லுவார்.

விரைவுச்சாலை என்றால் நினைத்த இடத்தில் ஏறவும் முடியாது, குறுக்கே கடக்கவும் முடியாது. வயல் இந்தப் பக்கம், கிணறு அந்தப் பக்கம். பால் கறக்கிற மாடு சுரங்கவழியைத் தேடிச் சுற்றிப் போகணும். மகாராஷ்டிரத்தில் பெஞ்ச் காட்டை ஒட்டி 44-ஆம் எண் நெடுஞ்சாலையை அகலமாக்கினார்கள். வழக்கு, வாதம் எல்லாம் நடந்த பிறகு, விலங்குகளுக்கு ரோட்டின் கீழே 9 வழிகள் விட்டார்கள். பிறகு கேமரா வைத்துப் பார்த்தால் புலி ஜம்மென்று அந்த வழியில் போகிறது. நல்ல விஷயம், பாராட்டுகிறேன். புலிக்கு வழி விட்ட நாட்டில், பொன்னம்மா வீட்டுப் பசுமாட்டுக்கு ஒரு வழி கேட்டால் வளர்ச்சிக்கு எதிரியா? (நீண்ட கைதட்டல்)

இன்னொன்று, இதைத் தாய்மார்கள் கவனிக்கணும். 2013 நில எடுப்புச் சட்டத்தில் ‘சமூகத் தாக்க மதிப்பீடு’ என்று ஒரு பகுதி இருக்கிறது. அந்த நிலத்தை நம்பி யார் யார் பிழைக்கிறார்கள் என்று ஊருக்குள் போய் எண்ணுகிற வேலை. பட்டாவில் பேர் இல்லாமல் நாற்று நடுகிற பெண், குத்தகைக்காரர், ஆடு மேய்க்கிறவர் எல்லாம் அந்தக் கணக்கில் வருவார்கள். தேசிய நெடுஞ்சாலைகள் சட்டப்படி நிலம் எடுத்தால் அந்தப் பகுதி பொருந்தாது! 2015-லிருந்து இழப்பீட்டுக் கணக்கு மட்டும் புதுச் சட்டப்படி வந்தது. தென்னைக்கு விலை போட்டார்கள். தேங்காய் பொறுக்குகிற பாட்டியை எண்ண ஆள் இல்லை. இதை மாற்றணும் என்பது என் கட்சி.

“முன்னாலேயே அளந்து என்ன ஆகப்போகிறது?” என்று நண்பர் சிரித்தார். இந்த வட்டாரத்தில் நின்றுகொண்டு அப்படிச் சிரிக்கக்கூடாது ஐயா. அளக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று பாலாறு சொல்லும். தோல் கழிவு இறங்கிக் கிணறு உப்பாச்சு, நிலம் பாழாச்சு. வேலூர் மக்கள் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மாசு செய்தவன் ஈடு கட்டணும் என்றது. 2025 ஜனவரி 30-இல் அதே பாலாற்றுக்காக, அதே இழப்பீட்டுக்காக, மறுபடியும் தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. நடுவில் 28 வருஷம்! (அமைதி) அந்தத் தொழிலில்தான் நம்ம பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள், தெரியும். முதலிலேயே கழிவுக்கு வழி பார்த்திருந்தால் தொழிலும் இருந்திருக்கும், கிணறும் இருந்திருக்கும்.

மணி அடிக்கப் போகிறீர்கள், தெரிகிறது. ஒரு நிமிஷம். 2006-ஆம் ஆண்டு அறிவிக்கைப்படி, கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு 30 நாள் முன்னால் பேப்பரில் விளம்பரம் வரணும். அறிக்கையின் சுருக்கம் தமிழில் கிடைக்கணும். கூட்டம் முடியும்போது, யார் என்ன சொன்னார்கள் என்பதைத் தமிழிலேயே வாசித்துக் காட்டணும். அதனால் டீயும் பிஸ்கட்டும் வந்ததும் எழுந்து வந்துடாதீங்க. நீங்க சொன்ன கால்வாய், நீங்க சொன்ன மதகு, அந்தக் காகிதத்தில் ஏறியிருக்கான்னு காதால் கேட்டுட்டு அப்புறம் வீட்டுக்குப் போங்க.

அடிச்சிட்டீங்க ஐயா, உட்கார்ந்துடறேன். (கைதட்டல்)