யன்னலோர இருக்கை

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விடயத்தைக் கேட்டதும், இதற்கும் இலக்கியத்துக்கும் என்ன சம்பந்தம் என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். கைக்குழந்தையும் சிறுபிள்ளையுமாக விமானம் ஏறும் ஒரு தாய் எந்த இருக்கையைக் கேட்டு வாங்க வேண்டும்? இதுதான் விடயம். நான் தேடிப் போனதல்ல, என்னைத் தேடி வந்தது.

டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் என்னிடம் படித்த பிள்ளை ஒருத்தி. இன்று அவள் இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். மூத்தவனுக்கு நாலு வயது. இளையவளுக்கு எட்டு மாதம். கணவன் சென்ற ஆண்டு கனடாவுக்குப் போனவன், இளையவளின் முகத்தைக் கைத்தொலைபேசியிலேதான் பார்த்திருக்கிறான். விசா வந்துவிட்டது, பயணச் சீட்டும் வந்துவிட்டது. கட்டுநாயக்காவில் ஏறி, வளைகுடா நகரொன்றில் மாறி, டொரொன்டோவில் இறங்க வேண்டும். ஒரு நாள் மாலை எனக்கு அழைப்பு எடுத்தாள்.

“சேர், போன்ல சீட்டுப் படம் காட்டுது. எந்த சீட்டுன்னு கேக்குது. எனக்கு ஒன்னும் வெளங்கல.”

வாழ்நாளில் இரண்டே தடவை விமானம் ஏறியவனிடம் வந்து கேட்கிறாள். ஆனாலும் மலையகத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியன் என்றால் தெரியாது என்று சொல்லக்கூடாது. மனுவும் எழுத வேண்டும், சாதகமும் பார்க்க வேண்டும், விமான இருக்கையும் சொல்ல வேண்டும். இரண்டு நாள் அவகாசம் கேட்டு, தெரிந்தவர்களிடம் விசாரித்து, கொஞ்சம் வாசித்தும் பார்த்தேன்.

வாசித்ததில் முதலில் என்னைப் பிடித்துக்கொண்டது நமது மலைகளோடு சேர்ந்த ஒரு கணக்கு. விமானம் முப்பத்தைந்தாயிரம் அடிக்கு மேலே பறந்தாலும், உள்ளே அடைத்து வைக்கும் காற்றின் அழுத்தம் அந்த உயரத்துக்குரியதல்ல. ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி உயரமான மலையொன்றில் நிற்பதற்குச் சமமாக அதை வைத்திருக்கிறார்கள். நுவரெலியா 6,128 அடி. பிதுருதலாகலை 8,281 அடி. ஆக, கட்டுநாயக்காவில் ஏறுகிறவர் எந்தத் தேசத்துக்குப் போனாலும் வழிநெடுக நுவரெலியாவுக்கும் பிதுருதலாகலை உச்சிக்கும் இடையில் எங்கேயோதான் உட்கார்ந்திருக்கிறார். இதைச் சொன்னபோது அந்தப் பிள்ளை சிரித்துவிட்டாள். “அப்ப எங்களுக்குப் பழக்கந்தானே சேர்” என்றாள்.

பழக்கந்தான். ஆனால் காதுக்குத் தொல்லை உயரத்தினால் வருவதல்ல, இறக்கத்தினால் வருவது. அட்டனிலிருந்து கோச்சியில் கொழும்புக்கு இறங்கியவர்களுக்கு அது தெரியும். கடுகண்ணாவை இறக்கத்தில் காது அடைக்கும், எச்சில் விழுங்கினால் ‘பட்’டென்று திறக்கும். கோச்சி அந்த இறக்கத்தை மணிக்கணக்கில் இறங்குகிறது. விமானமோ கிட்டத்தட்ட அரைமணி நேரத்தில் பிதுருதலாகலையிலிருந்து கடற்கரைக்கு நம்மைக் கொண்டுவந்து போட்டுவிடுகிறது. கைக்குழந்தைகளுக்குத் தொண்டையையும் காதையும் இணைக்கும் குழாய் ஒடுக்கமானது, விழுங்கவும் நாம் சொல்லிக்கொடுக்க முடியாது. அதனால் விமானம் இறங்கத் தொடங்கும்போது குழந்தை தூங்கினாலும் எழுப்பிப் பால் கொடுக்க வேண்டும் என்கிறார்கள். இருக்கை பற்றிய யோசனை இங்கேதான் தொடங்குகிறது. நெருக்கமான வரிசையில், அந்நியர் பக்கத்தில் இருக்க, ஒரு தாய் எங்கே உட்கார்ந்து பால் கொடுப்பாள்? யன்னல் ஓரம் என்றால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்ளலாம். நடைபாதை ஓரம் என்றால் போகிறவர் வருகிறவர் கண் எல்லாம் அவள் மேலே.

“அப்ப நான் யன்னல் எடுக்கட்டா சேர்?”

“எடு.”

“மூத்தவன் விடமாட்டான் சேர். இப்பவே யன்னல் எனக்குன்னு சொல்லிட்டான்.”

சிக்கல் அதுதான். நாலு வயதுப் பிள்ளைக்கு விமானம் என்றால் யன்னல்தான், மற்றதெல்லாம் ஒரு நீண்ட அறை. அவனை நடைபாதை ஓரத்தில் போடவும் முடியாது. அந்தப் பாதையால்தான் தள்ளுவண்டி வரும், கொதிக்கும் தேநீர் தலைக்கு மேலே கை மாறும். வெளியே நீட்டிய சின்னக் கையில் வண்டி இடிக்கும். நாம் கொழுந்து பறித்து அனுப்பும் தேயிலை நம் பிள்ளையின் மேலேயே கொதித்து ஊற்றலாம் என்பது என்ன விசித்திரம்! மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு சுடுபானம் வாங்கவே வேண்டாம் என்று அவளுக்கும் சொன்னேன்.

முன் தடுப்புச் சுவரை ஒட்டிய வரிசையில் தொட்டில் மாட்டித் தருவார்கள் என்று யாரோ அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். உண்மைதான், முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டும், குழந்தையின் நிறைக்கும் எல்லை உண்டு. எட்டு மாதக் குழந்தைக்கு அது நல்ல இடம். ஆனால் காலடியில் பை வைக்க விடமாட்டார்கள், ஏறும்போதும் இறங்கும்போதும் எல்லாவற்றையும் மேல் தட்டில் போட்டுவிட வேண்டும். கைப்பிடிகளும் உயராது, ஆகவே பெரிய பிள்ளை தாயின் மடியில் தலைவைத்துச் சாய முடியாது. விமானம் குலுங்கி இடுப்புப்பட்டி விளக்கு எரிந்தால், தூங்கும் குழந்தையைத் தொட்டிலிலிருந்து தூக்கிக்கொள்ளவும் வேண்டும். அவசர வாசல் வரிசை கால் நீட்ட வசதியானது என்றாலும் பிள்ளைகளோடு வருவோருக்குத் தரமாட்டார்கள். இறக்கைக்குப் பக்கத்தில் குலுக்கல் குறைவு, ஆனால் யன்னலில் இறக்கைதான் தெரியும். சில வரிசைகளில் யன்னல் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் சுவர் இருக்குமாம். நாலு வயதுப் பிள்ளையை அங்கே கொண்டுபோய் இருத்தினால் டொரொன்டோ வரை அழுவான்!

இன்னொன்றும் அறிந்தேன். ஒவ்வொரு வரிசைக்கும் மேலே ஒட்சிசன் முகமூடிகள் எண்ணி வைக்கப்பட்டவை, மேலதிகமாக ஒன்றுதான் இருக்கும் என்று கொள்ளலாம். அதனால் மடிக்குழந்தையோடு இரண்டு தாய்மார் ஒரே பக்கத்து வரிசையில் அருகருகே உட்கார விடுவதில்லை. பக்கத்து லயத்துக்காரியும் கைக்குழந்தையோடு வந்தாலும் இருவரும் சேர்ந்திருக்க முடியாது.

மடிக்குழந்தை என்ற ஏற்பாடே சரிதானா என்று ஒரு பழைய வாதம் இருக்கிறது. 1989 யூலை 19ஆம் திகதி அமெரிக்காவின் சூ சிட்டி விமான நிலையத்தில், கட்டுப்பாட்டை இழந்த விமானமொன்று தரையிறங்கும்போது நொறுங்கியது. அதில் இருக்கையில்லாத மடிக்குழந்தைகள் நால்வர். அன்றைய நடைமுறைப்படி, குழந்தைகளைத் தரையில் கிடத்திப் பிடித்துக்கொள்ளும்படி தாய்மாருக்குச் சொல்லப்பட்டது. நால்வரில் ஒரு குழந்தை இறந்தது. அப்படிச் சொன்ன தலைமைப் பணிப்பெண் ஜான் பிரவுன் உயிர் தப்பினார். அதன்பின் எந்தக் குழந்தைக்கும் தனி இருக்கை வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் அதிகாரிகளிடம் வாதாடி வந்தார். ஆயினும் இரண்டு வயது நிரம்பாத பிள்ளையை மடியில் வைக்கும் அனுமதி இன்றும் இருக்கிறது. தனி இருக்கை என்றால் தனிக் கட்டணம். தோட்டத்துச் சம்பளத்தில் வளர்ந்தவர்களிடம் போய் அதை எப்படிச் சொல்வது? நான் சொல்லவில்லை.

நேயர்களே, இவ்வளவும் பேசிக்கொண்டிருந்தபோதே என் மனம் வேறோர் இடத்தில் நின்றது. அட்டன் ஸ்டேசன் மேடையில்.

1964 ஒக்டோபர் 30இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானதை நீங்கள் அறிவீர்கள். ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் பேரைத் தலை எண்ணி, ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் அங்கே, மூன்று இலட்சம் பேர் இங்கே என்று பிரித்தார்கள். மிச்சமிருந்த ஒன்றரை இலட்சத்தை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டார்கள். அண்ணனுக்கு இந்தியா, தம்பிக்கு இலங்கை என்று கடதாசி வந்த வீடுகள் எத்தனை! போகிறவர்களை ஏற்றிக்கொண்டு மலையிலிருந்து இறங்கிய புகையிரதம் பொல்காவலை, அனுராதபுரம், மதவாச்சி வழியாகத் தலைமன்னார் போகும். அங்கே ‘இராமானுஜம்’ கப்பல். அந்தப் புகையிரதத்துக்கு நம் சனங்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று பெயர் வைத்தார்கள். எழுத்தாளர் மு. சிவலிங்கம் தமது சிறுகதைத் தொகுப்பொன்றுக்கே அந்தப் பெயரைச் சூட்டினார்.

1974இல் எனக்குப் பன்னிரண்டு வயது. தோட்டங்களில் பட்டினி நடமாடிய ஆண்டு அது. என் பெரியப்பா குடும்பம் போனது. என் வயதுடைய பெரியப்பா மகன் ஒருவன் எனக்கு இருந்தான், பிள்ளைக் காம்பராவிலிருந்து ஒன்றாக வளர்ந்தவர்கள் நாங்கள். மேடையில் பெண்கள் மாரடித்து அழுகிறார்கள். அப்பாயி என் பெரியப்பாவின் கையைப் பிடித்தவள் விடவில்லை. ஆனால் கோச்சிக்கு உள்ளே இருந்த பிள்ளைகள் என்ன செய்தார்கள் தெரியுமா? யன்னலுக்குச் சண்டை போட்டார்கள்! அவர்களில் பலருக்கு அதுதான் முதல் கோச்சிப் பயணம். என் அண்ணன் தன் தங்கையைத் தள்ளிவிட்டு யன்னலைப் பிடித்துக்கொண்டான். வண்டி நகர்ந்தபோது கையை வெளியே நீட்டி ஆட்டினான். அவன் முகத்தில் சிரிப்பு. யன்னல் கிடைத்த சிரிப்பு. அழுதுகொண்டிருந்த எனக்கு அவன் மேல் வந்தது பொறாமை, வேறொன்றுமில்லை. அடுத்த நிலையம் எதுவென்றுகூடத் தெரியாமல், சிங்கமலைச் சுரங்கத்துக்குள் போகும்போது அவன் பயப்படுவான் என்று நினைத்துக்கொண்டேன். தலைமன்னார்க் கோச்சி சிங்கமலைப் பக்கம் போகாது, எதிர்ப்பக்கம் இறங்கும். எனக்கு அது அப்போது தெரியவில்லை.

அவனை நான் மறுபடி பார்க்கவேயில்லை. கப்பலும் 1984இல் நின்றுவிட்டது.

இனி அந்தப் பிள்ளையிடம் திரும்புகிறேன். அவள் என் வகுப்பில் இருந்த காலத்தில் அவளுடைய தாய் குவைத்தில் வீட்டுவேலைக்குப் போயிருந்தாள். 1996இல் போனவள் நாலு வருடம் கழித்துத்தான் வந்தாள். போகும்போது பிள்ளைக்கு மூன்று வயது. அம்மா எங்கே என்று யார் கேட்டாலும் பிள்ளை விரலை மேலே காட்டுவாள். புதிதாக வந்த ஆசிரியை ஒருவர் அதைத் தவறாக விளங்கிக்கொண்டு, கண் கலங்கி, பிள்ளையை மடியில் இருத்தி மிட்டாய் கொடுத்தார். அம்மா வானத்தில் போனதைத்தான் பிள்ளை காட்டினாள் என்று நாங்கள் சொன்ன பிறகும் அந்த ஆசிரியைக்குக் கண்ணீர் நிற்கவில்லை. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையை விட்டுத் தாய்மார் இப்படிப் போகக்கூடாது என்று அரசாங்கம் 2013இல் கட்டுப்பாடு கொண்டுவந்தது, பிறகு அதைத் தளர்த்தியது. சம்பளம் போதாத லயத்தில் அந்தக் கட்டுப்பாட்டினால் யாருக்கு என்ன கிடைத்தது என்பது தனிப் பேச்சு.

இரண்டு நாள் கழித்து அவளுக்கு நானே அழைப்பு எடுத்தேன். கனடாவுக்குப் போகும் வரும் விமானங்களுக்கு 2019 டிசெம்பர் முதல் ஒரு விதி இருக்கிறது என்று சொன்னேன். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குத் தாய் அல்லது தகப்பனுக்கு அடுத்த இருக்கையையே தர வேண்டும். பதினொரு வயது வரை அதே வரிசையில், இடையில் ஓர் இருக்கைக்கு மேல் விலகாமல் இருத்த வேண்டும். அதற்கென்று காசு கேட்கக்கூடாது. தாயையும் பிள்ளையையும் பிரிக்காமல் இருத்த வேண்டும் என்று சட்டப் புத்தகத்தில் எழுதி வைத்த ஒரு தேசமும் இருக்கிறது. இதை வாசித்தபோது நான் சற்று நேரம் சும்மா இருந்தேன்.

பேச்சின் நடுவில் அவளுடைய தாய் தொலைபேசியை வாங்கிக்கொண்டாள்.

“சேர், நான் குவைத்துக்குப் போகும்போது எனக்கு யன்னல் சீட்டுத்தான் குடுத்தாங்க. ஏறினதிலிருந்து எறங்குற வரைக்கும் வெளிய பாக்கல. பக்கத்துல யாரோ ஒரு மனுசி சின்னப் புள்ளைய வச்சிக்கிட்டு இருந்தா. அதைத்தான் பாத்துக்கிட்டே போனேன்.” பிறகு மகளிடம் சொன்னது எனக்கும் கேட்டது. “பெரியவனுக்கு யன்னலக் குடு. நீ நடுவுல இரு. சின்னவளுக்குப் பால் குடுக்கும்போது அவென் பக்கமாத் திரும்பிக்க. தாவணிய விரிச்சி அவனையே பிடிச்சிக்கச் சொல்லு. அவனுக்கும் ஒரு வேலையாச்சி.”

விசாரித்தும் வாசித்தும் எனக்குத் தோன்றாத யோசனை அது. அப்படியே எடுத்துவிட்டார்கள். தொட்டில் வரிசை வேண்டாம், இறக்கைக்குப் பின்னால் யன்னல் இருக்கும் வரிசையாகப் பார்த்து, கழிப்பறைக்கு எட்டும் தூரத்தில் இரண்டு இருக்கை. நடைபாதை ஓரம் யார் வருவாரோ, நல்ல மனிதராக வரட்டும்.

அழைப்பை வைக்கும் முன் மூத்தவன் என்னோடு பேச வேண்டும் என்று அடம் பிடித்தான்.

“தாத்தா, பிளேன் யன்னல்ல கைய வெளிய நீட்டலாமா?”

முடியாது ராசா, அது திறக்காது என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு கேட்டான்:

“அப்ப அம்மாயிக்கு எப்புடி டாட்டா காட்டுறது?”