இரண்டு கோல்கள்

மேற்கு ஆபிரிக்காவின் ஆற்றங்கரைக் கிராமங்களில் ஒரு காலத்தில் நாள்தோறும் காணப்பட்ட காட்சி ஒன்று உண்டு. நீண்ட கோல் ஒன்றின் பின்முனையைப் பற்றியவாறு பார்வையிழந்த பெரியவர் ஒருவர் நடந்து வருவார். முன்முனையைப் பிடித்து வழிகாட்டிச் செல்பவன் ஒரு சிறுவன். பள்ளிக்குப் போகவேண்டிய வயதில் அவன் தன் தந்தைக்கோ பாட்டனுக்கோ கண்ணாக இருந்தான். வளர்ந்தபின் அவனும் அக்கோலின் பின்முனைக்கு வரவேண்டியிருக்கலாம்.

இக்கொடுமையை விளைத்தது ஆற்றுக்குருடு என்னும் நோய். விரைந்தோடும் ஆறுகளிற் பெருகும் ஒருவகைக் கரிய ஈ கடிக்கும்போது, நுண்ணிய புழுக்கள் மனிதவுடலுட் புகுகின்றன. அவை தோலின் கீழே தங்கி வளர்ந்து, பத்துப் பதினைந்து ஆண்டுகள் வரை உயிர்வாழ்ந்து, எண்ணற்ற குஞ்சுப் புழுக்களை ஈனுகின்றன. அக்குஞ்சுகள் தோலெங்கும் பரவித் தாங்கொணாத தினவை உண்டாக்கும். கண்ணை அடைந்தாற் பார்வையைப் பறிக்கும். இதற்கு அஞ்சி வளமான ஆற்றங்கரை நிலங்களை மக்கள் கைவிட்டு வெளியேறினர்.

நேயர்களே, மருந்துத் தொழிலிலே தலைமை என்பது யாது, கூட்டுமுயற்சி என்பது யாது என்ற வினாக்களுக்கு இந்நோயின் மருந்து பிறந்த கதை தக்க விடை தருகின்றது.

கதை யப்பானிலே தொடங்குகிறது. டோக்கியோ நகரின் கிட்டசாட்டோ ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த சத்தோசி ஓமுரா என்னும் அறிஞர், பல இடங்களிலிருந்து மண்ணைச் சேகரித்து, அதில் வாழும் நுண்ணுயிர்களை ஆராய்ந்து வந்தார். கவானா என்ற ஊரின் கொல்ப் மைதானத்தின் அருகே எடுத்த மண்ணிலிருந்து பெறப்பட்ட நுண்ணுயிர் ஒன்று, வேறு பலவற்றுடன் அமெரிக்காவின் மேர்க் மருந்துக் கம்பனிக்கு அனுப்பப்பட்டது. அங்கே, அயர்லாந்திற் பிறந்த வில்லியம் காம்பெல் என்பாரின் குழுவினர், அது சுண்டெலிகளின் குடற்புழுக்களை அழிப்பதைக் கண்டனர். இரசாயன வல்லுநர் அதன் சாரத்தைத் திருத்தி ஐவமெக்ரின் என்னும் மருந்தை ஆக்கினர். 1981இல் அது கால்நடை மருந்தாகச் சந்தைக்கு வந்து, பெரும் இலாபத்தை ஈட்டலாயிற்று.

வணிகக் கணக்கு அவ்வளவில் முடிந்திருக்கலாம். ஆயின், குதிரைகளைப் பற்றும் ஒரு புழுவை அம்மருந்து அடக்கியதைக் காம்பெல் கவனித்தார். அப்புழு ஆற்றுக்குருட்டுப் புழுவின் உறவினம். எனவே மனிதருக்கும் இது பயன்படலாம் எனத் தம் கருத்தை ஆராய்ச்சித் தலைவராயிருந்த ரோய் வஜெலொசிடம் அறிவித்தார். இந்நோயாளர் மருந்தை விலைகொடுத்து வாங்கவியலாதவர் என்பது தெளிவாயிருந்தும், வஜெலொஸ் முயற்சிக்கு இசைவளித்தார்.

மனிதரிற் பரிசோதிக்கும் பொறுப்பு வைத்தியர் முகமட் அசீசிடம் வந்தது. முன்னர் சியரா லியோனிற் பணியாற்றிய அவர் இந்நோயை நேரிற் கண்டவர். பழைய மருந்து, குஞ்சுப் புழுக்களைக் கொல்லும் வேகத்தில் நோயாளரின் கண்ணுக்கே கேடு விளைக்கக்கூடியது என்பதையும் அறிந்தவர். ஆதலால் 1981இல் செனகல் நாட்டின் டாக்கார் நகரில் மிகச் சிறிய அளவு மருந்துடன் தொடங்கிப் படிப்படியாகவே முன்சென்றார். தோலிலிருந்து எடுத்த சிறு துணுக்குகளில் குஞ்சுப் புழுக்கள் அருகி மறைந்திருந்தன. நோயாளரின் நலனே அப்பரிசோதனையின் வேகத்தை நிருணயித்தது.

மருந்து கிடைத்துவிட்டது, வாங்குவார் யார்? செலவை ஏற்க அரசுகளோ பிற தாபனங்களோ முன்வருமா என்று கம்பனி முயன்று பார்த்தது, பலன் இல்லை. இலவசமாகக் கொடுத்தால் அதுவே வழக்கமாகி, ஏழை நாடுகளின் நோய்களுக்கு மருந்து தேட எவரும் துணியார் என்ற அச்சமும் எழுந்தது. அவ்வச்சம் பொருளற்றதன்று. எனினும், அப்போது கம்பனியின் தலைவராகிவிட்ட வஜெலொஸ், ஆற்றுக்குருட்டுக்கு வேண்டிய மருந்தை, வேண்டிய அளவு, வேண்டிய காலம்வரை விலையின்றி வழங்குவதாக 1987 ஒக்டோபரில் அறிவித்தார். கால்நடை மருந்து ஈட்டிய இலாபம் இக்கொடைக்கு வசதி அளித்தது உண்மையே. ஆயினும், வசதி படைத்தோர் யாவரும் இவ்வாறு செய்ததில்லை.

இனியும் ஒரு தடை இருந்தது. இம்மருந்து முதிர்ந்த புழுக்களைக் கொல்வதில்லை, குஞ்சுகளையே அழிக்கிறது. ஆகவே, புழுக்களின் ஆயுள் முடியும்வரை ஆண்டுதோறும் கொடுத்தாக வேண்டும். வைத்தியரும் வீதியும் இல்லாத ஊர்களில் இதை யார் செய்வது? 1995இல் ஆபிரிக்காவில் தொடங்கிய திட்டத்தின் கீழ் ஊர்மக்களே தமக்குள் ஒருவரைத் தெரிந்து இப்பணியை ஒப்படைத்தனர். கிராமத்தில் நிறைதராசு கிடைப்பது அரிது. ஆகையால் உயரத்தைக் கொண்டே மருந்தின் அளவைக் கணிக்கும் எளிய வழி வகுக்கப்பட்டது. குறியிட்ட கோல் ஒன்றின் அருகில் ஒருவரை நிறுத்தினாற் போதும். ஒன்று முதல் நான்கு வரை எத்தனை மாத்திரைகள் என்பதை அக்கோலே சொல்லிவிடும். 90 சென்ரிமீற்றருக்குக் குறைந்த குழந்தைகளுக்கும் கருவுற்ற தாய்மாருக்கும் மருந்து கொடுப்பதில்லை.

2013இல் கொலம்பியா இந்நோயினின்றும் விடுபட்டதாக உலக சுகாதாரத் தாபனம் உறுதிசெய்தது. எக்குவடோர், மெக்சிக்கோ, குவாட்டமாலா ஆகியன தொடர்ந்தன. 2025இல் ஆபிரிக்க நாடுகளுள் முதலாவதாக நைஜர் அந்நிலையை எய்தியது. 2015இல் ஓமுராவும் காம்பெலும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். வைத்தியர் அசீஸ் அதற்குப் பன்னெடுங்காலத்திற்கு முன்னரே காலமாகிவிட்டார். கோலைத் தாங்கி வீடுவீடாக நடந்த ஊரவரின் பெயர்கள் எந்தப் பரிசுப் பட்டியலிலும் இல்லை. எனினும் இவர்களுள் எவர் தம் பங்கைக் கைவிட்டிருந்தாலும் மருந்து நோயாளியின் கைக்கு வந்திராது.

தலைமை என்பது கட்டளையிடுவது மாத்திரமன்று. தொழிலின் மறுமுனையில் காத்திருக்கும் முகமறியா நோயாளியை மறவாமல் முடிவெடுப்பதே தலைமை. குருடரை நடத்திச் சென்ற கோல் ஒன்று. மருந்தை அளந்து கொடுத்த கோல் மற்றொன்று. இரண்டாவது கோல் வந்த ஊர்களில், முதலாவது கோலைப் பிடித்த சிறுவர் அதைக் கீழே வைத்துவிட்டுப் பள்ளிக்குப் போகும் காலம் பிறந்தது.