காரில் ஒரு வானொலி நிலையம்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"உனக்குப் பதினைந்து நிமிஷம். கம்பெனிக் கதை வேண்டாம், உன் ரேடியோக் கதையைச் சொல்லு" என்று செயலாளர் உத்தரவு போட்டுவிட்டார். நான் ஒரு ஹாம். அதாவது, அரசாங்கத் தேர்வு எழுதி, உரிமம் வாங்கி, சொந்தமாக வானொலிக் கருவி வைத்துப் பேசுகிறவன். வீட்டில் ஒன்று, காரில் ஒன்று. பெட்ரோல் பங்கில் நின்றால், "சார், போலீஸ் வண்டியா?" என்று ஒருவராவது கேட்காமல் இருக்க மாட்டார்.

போலீஸ் வண்டியில்தான் இது ஆரம்பித்தது என்பதும் உண்மை. 1928-ல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரப் போலீஸ் கார்களுக்கு வானொலி வந்தது. ஆனால் அது ஒரு வழிப் பாதை. நிலையம் சொல்வதைக் கேட்கலாம், பதில் சொல்ல முடியாது. 1933-ல் நியூஜெர்ஸியில் பேயோன் என்ற ஊரில்தான் இருவழி வானொலி போலீஸ் காரில் ஏறியது. நம் ஊரும் பின்தங்கி விடவில்லை. 1924-லேயே சென்னையில் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியார் முயற்சியால் ரேடியோ கிளப் ஒன்று ஒலிபரப்பு நடத்தியிருக்கிறது.

சரி, காரில் எப்படி மாட்டுவது? தம்பிகள் கவனிக்கணும். இதில் மூன்றே விஷயம்தான்.

முதலாவது, மின்சாரம். ஐம்பது வாட் கருவி பேசும்போது பத்துப் பன்னிரண்டு ஆம்பியர் இழுக்கும். சிகரெட் லைட்டர் துளையில் சொருகிவிட்டால் போதும் என்று நினைப்போம். நானும் முதலில் அப்படித்தான் செய்தேன். அந்த ஒயர் மெல்லிசு. பேச ஆரம்பித்ததும் வோல்டேஜ் விழுந்து, கருவி கண்ணை மூடிவிடும். பாட்டரியிலிருந்தே தடிமனான ஒயரை நேராக இழுக்க வேண்டும். பாசிட்டிவ் ஒயரில், பாட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். கருவி பக்கத்தில் ஃபியூஸ் இருக்கிறதே என்று சமாதானம் சொல்லாதீர்கள். ஒயர் என்ஜின் அறைத் தகட்டைத் துளைத்து உள்ளே வரும் இடத்தில் உரசி உரசித் தோல் உரிந்தால், பாட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும், வண்டியே எரியும். அந்தத் துளைக்கு ஒரு ரப்பர் வளையம். நாலணா சமாச்சாரம், நாலு உயிரைக் காக்கும்.

இரண்டாவது, கருவி உட்காரும் இடம். ஏர்பேக் விரியும் வழியில் வைக்கவே கூடாது. பார்வை சாலையை விட்டு விலகாமல் கைக்கு எட்ட வேண்டும். இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

மூன்றாவது, ஆன்டெனா. இங்கேதான் கதையே இருக்கிறது.

ஒளியைப் போலவே ரேடியோ அலையும் விநாடிக்கு முப்பது கோடி மீட்டர் ஓடும். நாங்கள் பேசுவது 145 மெகாஹெர்ட்ஸ் பக்கம். வகுத்துப் பாருங்கள், அலையின் நீளம் சுமார் 2.07 மீட்டர். அதில் கால் பாகம் 52 சென்டிமீட்டர். கம்பியில் அலை கொஞ்சம் மெதுவாகப் போவதால் 49 சென்டிமீட்டர் வைத்தால் சரியாக வரும். ஆனால் அந்தக் கம்பி பாதி ஆன்டெனாதான். மீதிப் பாதி, காரின் இரும்புக் கூரை! குத்துவிளக்குக்குப் பீடம் மாதிரி. பீடம் இல்லாத விளக்கு நிற்குமா? அதனால் கூரையின் நட்டநடுவில் துளை போட்டு மாட்டுவதுதான் உத்தமம்.

எங்கள் அப்பச்சி இருந்த காலம் அது. "புது வண்டியிலே ஓட்டை போடவா படிக்க வச்சேன்?" என்று ஒரே வார்த்தை கேட்டார். நான் டிக்கி மூடியின் ஓரத்தில் ஒரு பித்தளைக் கிளாம்ப் போட்டுச் சமாளித்தேன். அதன் திருகு பெயின்டைக் கிழித்துக்கொண்டு இரும்பைக் கடித்துப் பிடிக்கும். அந்தக் கடிதான் பீடத்துக்கும் விளக்குக்கும் உறவு. மாட்டிய அன்று மீட்டர் வைத்துப் பார்த்தேன். எஸ்.டபிள்யூ.ஆர். 1.3 காட்டியது. அருமை! அதோடு மறந்துவிட்டேன். ஐந்து வருஷம்.

2018 நவம்பர் 16 விடிகாலையில் கஜா புயல் கரை கடந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. கரண்ட் போனதும் செல்போன் கோபுரங்களும் ஒவ்வொன்றாக வாயடைத்துப் போயின. மறுநாள் நானும் ஒரு நண்பரும் அரிசி, மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டு அறந்தாங்கிப் பக்கம் கிளம்பினோம். வழியெல்லாம் தென்னை, தலையில்லாமல். பிள்ளையைப் போல வளர்த்த மரங்கள்.

காரைக்குடியிலிருந்து முப்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு சின்ன ஊர். ரேடியோ இருக்கிற வண்டி என்றதும் கூட்டம் கூடிவிட்டது. அங்கே பாதி வீட்டுப் பிள்ளைகள் சிங்கப்பூரிலும் துபாயிலும். தொலைக்காட்சியில் புயலைப் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போன் கிடைக்காமல் அவர்கள் தவித்துக்கொண்டிருப்பார்கள். நோட்டுத் தாளைக் கிழித்து நம்பர் எழுதிக் கொடுத்தார்கள். இருபத்து மூன்று சீட்டு. இயற்கைப் பேரிடரில் பிறருடைய செய்தியை நாங்கள் கடத்தலாம். காரைக்குடியில் என் ஹாம் சகா மாடியில் உயரமான ஆன்டெனா வைத்துக் காத்திருந்தார், அவர் கையில் வேலை செய்கிற போனும் இருந்தது.

மைக்கை எடுத்துக் கூப்பிட்டேன். அவர் குரல் மணி மணியாகக் கேட்கிறது. ஆனால் என் குரல் அவருக்குப் போகவில்லை! "இருக்கீங்களா? இருக்கீங்களா?" என்று அவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். நான் கத்திக்கொண்டே இருக்கிறேன். சன்னலோரம் நின்ற ஓர் ஆயா கேட்டார்கள்: "என்னப்பா, அவுக பேசுறது உனக்குக் கேக்குது. நீ பேசுறது அவுகளுக்குக் கேக்கலையா?"

மீட்டரை மாட்டினேன். எஸ்.டபிள்யூ.ஆர். மூன்றுக்கு மேல். அனுப்புவதில் கால் பங்கு ஆன்டெனாவிலிருந்து திரும்பி வருகிறது. தன்னைக் காத்துக்கொள்ளக் கருவி தானாகவே சக்தியைக் குறைத்துவிட்டது. கிளாம்ப்பைக் கழற்றினால், உள்ளே செங்கல் பொடி மாதிரி துரு!

நான் எங்கே படித்தவன்? நம் வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வந்தது சிக்ரி. 1948 ஜூலை 25-ல் நேரு அடிக்கல் நாட்ட, 1953 ஜனவரி 14-ல் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். துருவை ஆராய்கிற அந்த ஆய்வுக்கூடத்தின் நிழலில் படித்தவன் நான். பித்தளையும் இரும்பும் தொட்டுக்கொண்டு, நடுவே மழைத்தண்ணீர் நின்றால் அது ஒரு குட்டி பாட்டரி, அதில் தேய்ந்து போவது இரும்புதான் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். பரீட்சைக்குத் தெரியும். என் டிக்கிக்குத் தெரியவில்லை.

சைக்கிள் கடைத் தம்பி ஓடிப்போய் அரமும் உப்புத்தாளும் கொண்டுவந்தான். இரும்பு பளபளக்கும் வரை தேய்த்தோம். கிளாம்ப்பை இடம் மாற்றி இறுக்கினோம். மீட்டர் 1.5-க்கு இறங்கியது. "இப்பக் கேக்குது, சொல்லுங்க!" என்றார் காரைக்குடிக்காரர். ஊரே கை தட்டியது. ஒவ்வொரு நம்பரையும் இரண்டு தடவை படித்தேன். செய்தி எல்லாம் ஒன்றுதான்: "நாங்க நல்லாருக்கோம்." கொஞ்ச நேரத்தில் பதில் வர ஆரம்பித்தது. ஆயாவின் மகனைப் பற்றி, "சொல்லிட்டேன். அழுதுட்டாரு" என்றார். ஆயா ஒன்றும் சொல்லவில்லை. காரின் கூரையைத் தடவிக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். ஆனால் எனக்குத் தூக்கம் வரவில்லை. பழுது பார்க்க ஆனது நாற்பது நிமிஷம். அன்று செய்தி காத்திருந்தது. பிரசவ வலியில் ஒரு பெண் காத்திருந்தால்? பாம்பு கடித்த பிள்ளை காத்திருந்தால்? 2004 டிசம்பர் 26 சுனாமியின்போது, ஹாம் நிலையம் நடத்த அந்தமான் போயிருந்த பாரதி பிரசாத் குழுவினர் போர்ட் பிளேரிலிருந்து செய்திகளை அனுப்பினார்கள். அவர்கள் ஆன்டெனாவை அன்றைக்குத் தேய்த்துக்கொண்டா இருந்தார்கள்?

ஊருக்குத் திரும்பியதும் கூரையில் துளை போட்டுவிட்டேன். அப்பச்சி இருந்திருந்தால் அன்றைக்குச் சரி என்றிருப்பார். இப்போது வருஷா வருஷம் ஆயுத பூஜையன்று, வண்டிக்குச் சந்தனம் குங்குமம் வைப்பதற்கு முன்னால், ஆன்டெனா அடியைக் கழற்றித் துடைத்து, கிரீஸ் தடவி, மீட்டர் வைத்துப் பார்க்கிறேன். ஐப்பசி மழைக்கு முன் அதைவிட நல்ல நாள் கிடையாது.

தம்பி தங்கைகளே! தேர்வு எழுதுங்கள், உரிமம் வாங்குங்கள், நம் கல்லூரியிலிருந்து இன்னும் நாலு குரல் காற்றில் ஏறட்டும். உதவி செய்ய வேண்டும் என்ற மனசு எல்லோருக்கும் இருக்கிறது. எனக்கும் அன்று இருந்தது. ஆனால் மனசு மட்டும் முப்பது கிலோமீட்டர் போகவில்லை. துரு இல்லாத ஒரு திருகும் தேவைப்பட்டது.