யாருக்கு இந்த வெளிச்சம்?

(தவக்காலம் 4ஆம் ஞாயிறன்று வானொலியில் ஒலிபரப்பான மறையுரை)



எங்கள் பங்கு ஆலயத்தில் இப்போது விளக்குப் பேச்சுதான். பீடப் பகுதியின் மின் இணைப்புகள் பழையவை. மாற்றியே ஆக வேண்டும். அதோடு விளக்குகளையும் புதிதாக அமைத்துவிடலாம் என்று பங்குப் பேரவையில் முடிவெடுத்தோம். மேடை விளக்கு அமைப்பவர் ஒருவர் வந்தார். தானாகச் சுழலும் விளக்குகள், நிறம் மாறும் பார் லைட்டுகள், பாடுபட்ட சுரூபத்துக்குப் பின்னால் நீல ஒளி என்று கைப்பேசியில் ஒவ்வொன்றாகக் காட்டினார். இளைஞர்களின் முகம் மலர்ந்தது. ஒரு குடும்பத்தார் முழுச் செலவையும் ஏற்க முன்வந்தார்கள். உண்மையைச் சொன்னால், எங்களுக்கும் ஆசைதான்.

கூட்டம் முடிந்து எல்லாரும் கலைந்தபிறகு ஒரு தாய் தயங்கித் தயங்கி வந்தார். "ஒண்ணு சொல்லலாமா சாமி? எம் பொண்ணுக்குக் காது கேக்காது. வாய் அசையறதைப் பார்த்துத்தான் புரிஞ்சுக்குவா. பூசையில உங்க முகமே தெரியலையாம். புது விளக்கு போட்டா தெரியுமான்னு கேட்டுட்டு வரச் சொன்னா" என்றார்.

அன்று மாலை உபதேசியாரை வாசக மேடையில் நிற்கச் சொல்லிவிட்டு, அந்தப் பெண் வழக்கமாக உட்காரும் மூன்றாவது வரிசையில் போய் உட்கார்ந்தோம். பின்சுவரில் சுரூபத்தைச் சுற்றிப் பளீரென்று விளக்குகள். வாசக மேடைக்கு நேர் மேலே ஒரு விளக்கு. பின்னாலிருந்து வந்த ஒளியில் உபதேசியாரின் முகம் இருண்டு கிடந்தது. மேலிருந்து விழுந்த ஒளி, கண்குழியிலும் மூக்குக்குக் கீழேயும் நிழலைப் போட்டு உதடுகளை மறைத்தது. ஐந்து ஆண்டுகளாக ஞாயிறுதோறும் அங்கே நின்றுதான் மறையுரை ஆற்றி வருகிறோம். அந்தப் பெண்ணுக்கு அதில் ஒரு வார்த்தைகூடப் போய்ச் சேரவில்லை. கடைசி வரிசைவரை குரல் கேட்கிறதா என்று ஒலிபெருக்கியை எத்தனையோ முறை சோதித்திருக்கிறோம். முகம் தெரிகிறதா என்று ஒருமுறையும் கேட்டதில்லை.

மறுநாள் அதே விளக்குக்காரரிடம் இதைச் சொன்னோம். அவர் உடனே புரிந்துகொண்டார். முகம் தெரிய வேண்டுமானால் ஒளி முன்னாலிருந்து வர வேண்டும் என்றார். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, ஏறத்தாழ 45 பாகைச் சாய்வில். ஒன்று போடும் நிழலை மற்றொன்று நிரப்பிவிடும். அதைவிடத் தாழ்வாக வைத்தால் வாசிப்பவரின் கண் கூசும்; மிக உயரத்தில் வைத்தால் பழைய நிழலே திரும்ப வரும். 6500 கெல்வின் வெள்ளை ஒளி நீலம் கலந்து குளிர்ச்சியாகத் தெரியும். 3000 கெல்வின் ஒளி மெழுகுதிரியின் பக்கம் சாய்ந்த இளமஞ்சள், முகத்துக்கு இதமானது. பின்சுவர் விளக்கு, முகத்தில் விழும் விளக்கைவிட மங்கலாக இருக்க வேண்டும். பீடம், வாசக மேடை, சுரூபம், மக்கள் பகுதி ஆகிய நான்குக்கும் தனித்தனிச் சுவிட்சும் டிம்மரும் வேண்டும்.

"மக்கள் இருக்கும் பகுதியை இருட்டாக்கிவிட்டால் பீடம் இன்னும் எடுப்பாக இருக்குமே" என்று பேரவையில் ஒருவர் கேட்டார். புனித வாரத்தில் எங்கள் இளைஞர்கள் மைதானத்தில் நடத்தும் பாஸ்கா நாடகத்துக்கு அது பொருத்தம்தான். அதற்கு நிற விளக்குகளை வாடகைக்கு எடுத்துத் தருவதாகவும் சொல்லியிருக்கிறோம். ஆனால் திருப்பலியில் பார்வையாளர் என்று யாரும் இல்லை. 1963ஆம் ஆண்டு டிசம்பர் 4 அன்று வெளியான திருவழிபாடு பற்றிய கொள்கைத் திரட்டில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் இதைத்தான் வலியுறுத்தியது: மக்கள் அந்நியர்போல வாய்மூடி வேடிக்கை பார்க்கக் கூடாது, முழுமையாகப் பங்கேற்க வேண்டும். பாடல் புத்தகத்தை எழுத்து தெரியாத இருட்டில் பிடித்துக்கொண்டிருப்பவர் எப்படிப் பங்கேற்பார்?

கொடையளிக்க வந்த குடும்பத்தாரிடம் மாற்றத்தைச் சொன்னபோது அவர்கள் வருந்தினார்கள். "இவ்வளவு குடுத்தும் கண்ணுக்குத் தெரியற மாதிரி ஒண்ணும் இல்லையே சாமி" என்றார் வீட்டுப் பெரியவர். அவரை அந்த மூன்றாவது வரிசைக்கு அழைத்துப்போய் உட்கார வைத்தோம். நெடுநேரம் பேசாமல் இருந்தார். இன்னும் பதில் சொல்லவில்லை. அதுவரை காத்திருக்காமல், வாசக மேடைக்கான இரண்டு விளக்குகளைப் பங்குப் பணத்திலேயே முதலில் போடுகிறோம்.

அன்பர்களே, இன்றைய நற்செய்தியில் பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைச் சந்திக்கிறோம். இயேசு அவருடைய கண்களில் சேற்றைப் பூசி, சிலோவாம் குளத்துக்கு அனுப்புகிறார். அவர் கழுவிவிட்டுப் பார்வையோடு திரும்புகிறார். அப்போது இயேசு அருகில் இல்லை. அவர் எங்கே என்று மற்றவர்கள் கேட்டபோது, தெரியாது என்றுதான் அந்த மனிதரால் சொல்ல முடிந்தது. புதிய கண்கள் கண்டது சுற்றியிருந்தவர்களின் முகங்களை. ஒளி தந்தவர், அந்த ஒளி முதலில் தம்மேல் விழ வேண்டும் என்று கேட்கவில்லை. ஆனால் அந்த மனிதர் வெளியே தள்ளப்பட்டார் என்று கேள்விப்பட்டதும், தாமே தேடி வந்து தம் முகத்தைக் காட்டினார்.

இதை வாசிக்கும்போது, பீடத்தில் நிற்கும் எங்களைப் போன்றவர்களுக்கு உறுத்தத்தான் செய்கிறது. எங்களை அழகாகக் காட்டும் விளக்கைத் தேடினோம். மூன்றாவது வரிசையில் ஒருத்தி வெளிச்சத்துக்காகக் காத்திருந்தது தெரியவில்லை.

இன்னும் சில நாள்களில் பாஸ்கா திருவிழிப்பு வருகிறது. அன்றிரவு எல்லா விளக்குகளையும் அணைத்துவிடுவோம். புது நெருப்பில் ஏற்றிய பாஸ்கா திரி ஒன்றே ஆலயத்துக்குள் வரும். மூன்று முறை கிறிஸ்துவின் ஒளியை அறிவித்த பிறகே மின்விளக்குகளைப் போடுவோம். அதற்குள் திரியிலிருந்து திரிக்கு நெருப்பு கைமாறி, பக்கத்தில் நிற்பவரின் முகம் தெரியத் தொடங்கும். அந்த நேரத்தில் காது கேட்பவர், கேளாதவர் என்ற வேறுபாடு இராது.

அதுவரை இந்த வாரம் ஒரு சிறு பயிற்சி செய்வோம். நம் வீட்டில், அன்பியத்தில், வேலையிடத்தில் நம் முகம் தெரியாமல், நம் பேச்சு எட்டாமல் யாராவது இருக்கிறாரா? அவர் இடத்தில் ஒரு பத்து நிமிடம் போய் உட்கார்ந்து பார்ப்போம். அங்கிருந்து என்ன தெரிகிறது, என்ன தெரியவில்லை என்று கவனிப்போம். பிறகு எழுந்து, எந்த விளக்கைத் திருப்ப வேண்டுமோ அதைத் திருப்புவோம்.

உலகின் ஒளியாம் ஆண்டவர் நம் கண்களைத் திறந்தருள்வாராக. ஆமென்.