சில்லுக்கு ஒரு பூட்டு

வீட்டுக் கதவுக்குப் பூட்டு உண்டு. பணப்பெட்டிக்குப் பூட்டு உண்டு. கோயில் உண்டியலுக்கும் பூட்டு உண்டு. மோட்டார் காரின் சில்லுக்கும் ஒரு பூட்டு உண்டென்பதைக் கார் வைத்திருப்போரிற் பலர், அது திறக்க மறுக்கும் நாளிலேதான் அறிகின்றனர். அந்தப் பூட்டைக் காரில் வைத்திருத்தல் நன்றா, கழற்றிவிடுதல் நன்றா என்பதே இன்றைய பேச்சின் பொருள். பொருள் சிறிது. ஆயினும், நள்ளிரவில் நோயாளி ஒருவரை ஏற்றிச் செல்லும் கார் நடுவழியில் நின்றுவிடுமாயின், அச்சிறு பொருளே பெரும்பொருளாகிவிடும்.

முதலில் அப்பூட்டு எத்தகையது என்பதை அறிதல் வேண்டும். சிறிய யப்பானியக் கார்களில் ஒவ்வொரு சில்லையும் பெரும்பாலும் நான்கு நட்டுகள் இறுக்கிப் பிடித்து நிற்கின்றன. சாதாரண நட்டின் தலை ஆறு மூலைகள் கொண்டது. அதற்கேற்ற ஸ்பனர் எந்த டயர் கடையிலும் கிடைக்கும். ஆதலின், ஒருவருடைய காரின் சில்லை மற்றொருவர் எளிதிற் கழற்றிக்கொண்டு போகலாம். இதனைத் தடுப்பதற்காகவே, சில்லுக்கு ஒன்றாக நான்கு நட்டுகளை நீக்கி, அவ்விடங்களிற் பூட்டு நட்டுகளைப் பொருத்துகின்றனர். பூட்டு நட்டின் தலையில் மூலைகள் இல்லை; அது வழுவழுப்பான வட்டமாக இருக்கும். அதன் முகத்திலே பூவிதழ் போலவோ, வளைந்த கோலக் கோடு போலவோ ஒரு பள்ளம் வெட்டப்பட்டிருக்கும். அப்பள்ளத்திற் பொருந்துமாறு செய்யப்பட்ட சிறிய உருக்குத் துண்டே அதன் திறவுகோல். அதனை நட்டின் முகத்தில் வைத்து, அதன்மேல் வழமையான ஸ்பனரை மாட்டித் திருகினால் மட்டுமே நட்டுக் கழலும். ஆக, காரிலுள்ள பதினாறு நட்டுகளிற் பன்னிரண்டு எவருக்கும் பணியும். எஞ்சிய நான்கும் திறவுகோலுக்கு மட்டுமே பணியும்.

இத்தகைய காவல் தேவைதானா என்று கேட்போருக்கு அண்மைக்கால வரலாறு விடை கூறும். 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் பாவனைக்கான கார்கள் மீண்டும் வருவதற்கு 2025ஆம் ஆண்டு பெப்ரவரி வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இடையிலே 2022இல், ஏறக்குறைய 200 ரூபாயாக இருந்த அமெரிக்க டொலர் சில வாரங்களுக்குள் 360 ரூபாயை எட்டியது. புதிய கார் வாராத நாட்டில் பழைய காரின் உறுப்புகள் பொன்னாகின்றன. கொழும்புப் பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகம் தேடி அலைந்தோர் இதனை நன்கு அறிவர். தெருவோரம் நிறுத்திய காரின் பக்கக் கண்ணாடிகள் களவு போவதும் தலைநகர மக்களுக்குப் புதிதன்று. இந்தியத் தலைநகராகிய டில்லியிலோ, காரைச் செங்கற்களின் மேல் இருத்திவிட்டு நான்கு சில்லுகளையும் கொண்டுபோகும் களவு நெடுநாளாகவே பேசப்பட்டு வருகின்றது. ஆதலின், பூட்டு நட்டு வீண் அச்சத்தின் விளைவென்று தள்ளிவிடுதற்கில்லை.

ஆனால், கள்ளன் பெரியவனா, காப்பான் பெரியவனா என்னும் பழைய வினா இங்கும் எழுகின்றது. இலண்டன் மாநகரில் பிராமா என்னும் பூட்டு வினைஞர் தாம் செய்த பூட்டொன்றை 1790ஆம் ஆண்டளவில் கடைச் சாளரத்திலே வைத்து, அதனைத் திறவுகோலின்றித் திறப்பவருக்கு 200 கினி பரிசு என்று அறிவித்தார். அறுபது ஆண்டுகளுக்கு மேலாக எவராலும் அது திறக்கப்படவில்லை. 1851இல், உலகப் பெருங்கண்காட்சியை ஒட்டி அந்நகருக்கு வந்த ஹொப்ஸ் என்னும் அமெரிக்கர், பதினாறு நாட்களில் 51 மணி நேரம் பாடுபட்டு அதனைத் திறந்துவிட்டார். திறக்கவே முடியாத பூட்டென்று ஒன்று இல்லை. பூட்டு அளிப்பது காலத்தை மட்டுமே என்பதை உலகம் அன்று கண்டுகொண்டது.

சில்லின் பூட்டும் அவ்வாறே. திறவுகோலைத் தொலைத்தோருக்கு உதவுவதற்காக, பூட்டு நட்டின் தலையை வெளிப்புறமாகக் கவ்விப் பிடித்துத் திருகும் கருவிகள் கடைகளில் விற்கப்படுகின்றன. நல்லவன் வாங்கும் கருவியைத் தீயவனும் வாங்கலாம். ஆயினும் அதனைச் சுத்தியலால் அடித்து இறுக்கவேண்டும்; ஓசை எழும்; நேரம் செல்லும். ஆள்நடமாட்டமுள்ள தெருவிலே அவ்வோசைக்கும் நேரத்துக்கும் அஞ்சி, கள்ளன் பூட்டில்லாத அடுத்த காரை நாடக்கூடும். இதுவே இப்பூட்டின் உண்மையான பயன்.

இனி, அப்பயனுக்குக் கொடுக்கும் விலையைப் பார்த்தல் வேண்டும். அதனை அறிவதற்கு முந்தலை விடப் பொருத்தமான ஊர் இல்லையெனலாம். பேலியகொடையிலிருந்து புத்தளம் வரை ஏறக்குறைய 120 கிலோ மீற்றர் செல்லும் நெடுஞ்சாலையிலே, சிலாபத்துக்கும் புத்தளத்துக்கும் இடையில் அமைந்த ஊர் முந்தல். ஒரு புறம் உவர்நீர் நிறைந்த களப்பு, அதற்கப்பால் கடல், வடக்கே போனாற் புத்தளத்து உப்பளங்கள். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் காற்றே உப்பைச் சுமந்து வரும். சாளரக் கம்பியும் துவிச்சக்கர வண்டியின் சங்கிலியும் துருவேறுவதைப் பார்த்துப் பழகிய மக்களுக்கு, காரின் நட்டும் இரும்பே என்பதை எடுத்துரைக்க வேண்டியதில்லை.

உப்பு ஈரத்தை இழுக்கும்; உப்பு நீர் இரும்பைத் தின்னும் வேகத்தை மிகுவிக்கும். அலுமினியக் கலப்புலோகச் சில்லும் உருக்கு நட்டும் உப்பு ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டிருக்கும்போது, அலுமினியமும் அரிக்கப்பட்டு வெண்பொடி பூக்கும். ஆறு மூலை நட்டு ஓரளவு துருவேறினாலும், அதனை வெளியே கவ்விப் பிடித்துக் கழற்ற இடமுண்டு. பூட்டு நட்டின் நிலை வேறு. அதன் பிடிமானம் முழுவதும் முகத்திலுள்ள பள்ளத்திலேயே இருக்கின்றது. அப்பள்ளத்தில் நீரும் மணலும் தங்கித் துருவேறிக் கோடுகளின் கூர்மை மழுங்கிவிட்டால், உரிய திறவுகோலும் வழுக்கும். கள்ளனுக்கு எதிராக இட்ட பூட்டு உடையவனுக்கு எதிரான பூட்டாகிவிடும்.

இதற்குத் துணைபோவது மற்றொரு வழக்கம். டயர் கடைகளிற் காற்றழுத்தத்தால் இயங்கும் துப்பாக்கி போன்ற கருவியால் நட்டுகளை நொடியில் இறுக்கிவிடுகின்றனர். சிறிய கார்களின் நட்டுக்கு வேண்டிய முறுக்குவிசை பெரும்பாலும் 85 முதல் 110 நியூற்றன் மீற்றர் வரையே. அரை மீற்றர் நீளமான கைபிடியின் நுனியில் ஏறக்குறைய 20 கிலோகிராம் நிறையைத் தொங்கவிட்டாற் போன்ற விசை அது. அக்கருவியோ, கவனமின்றிப் பிடித்தால், இதனினும் பல மடங்கு விசையை அடி அடியாகச் செலுத்தும். திறவுகோலின் மெல்லிய பற்கள் அவ்வடியைத் தாங்குவதற்கென ஆக்கப்பட்டவை அல்ல. அன்று அவை உடையாவிடினும், அடுத்த முறை வீதியோரத்திற் கையால் திருகும்போது உடையும்.

ஒரு காட்சியை எண்ணிப் பார்க்கலாம். மழைக்கால இரவு. உடப்பிலிருந்தோ முந்தலிலிருந்தோ மூச்சுத் திணறும் முதியவள் ஒருத்தியை மகன் காரில் ஏற்றிக்கொண்டு புத்தளம் வைத்தியசாலைக்கு விரைகின்றான். மதுரங்குளியைத் தாண்டியதும் டயர் வெடிக்கின்றது. மேலதிகச் சில்லு இருக்கின்றது; ஜக் இருக்கின்றது; ஸ்பனரும் இருக்கின்றது. மூன்று நட்டுகள் கழலுகின்றன, நான்காவது கழலவில்லை. திறவுகோல் எங்கே? சென்ற மாதம் சில்லைக் கழற்றிய டயர் கடையின் மேசையிலோ, வீட்டு அலுமாரியிலோ கிடக்கின்றது. “அம்மா, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்” என்று சொல்வதைத் தவிர மகனுக்கு அப்போது வேறு வழியில்லை. சில்லின் விலையைத் தாயின் மூச்சோடு ஒப்பிட எந்த மகனுக்கும் மனம் வராது.

ஆதலின் பூட்டு நட்டு வேண்டுமா, வேண்டாமா என்பதை மூன்று வினாக்களால் தீர்மானிக்கலாம். கார் இரவில் எங்கே தங்குகின்றது? அதன் சில்லுகள் எத்தகையவை? திறவுகோல் யாருடைய பொறுப்பில் இருக்கின்றது? தன் வளவுக்குள்ளே, படலை சாத்தி, நாய் காவல் இருக்க நிற்கும் கார். அதிற் சாதாரண இரும்புச் சில்லுகள். அதனை வீட்டில் மூவர் மாறி மாறி ஓட்டுகின்றனர். திறவுகோலின் இடத்தை அவர்களுள் ஒருவரே அறிவார். இத்தகைய காருக்குப் பூட்டு நட்டால் ஆதாயம் சிறிது, ஆபத்துப் பெரிது. முந்தல் போன்ற கரையோர ஊர்களிற் பெரும்பாலோர் நிலை இதுவே. அவர்கள் அந்நான்கையும் கழற்றிவிடுதலே அறிவுடைமை. மாறாக, விலையுயர்ந்த கலப்புலோகச் சில்லுகளோடு, கிழமையிற் பல இரவுகள் கொழும்புத் தெருவோரத்தில் நிற்கும் கார் என்றால், பூட்டு இருக்கட்டும்.

கழற்றுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நட்டுகள் எல்லாம் ஒன்றல்ல. சிறிய தொயோட்டா, ஹொண்டா கார்களின் நட்டில் மரைகளுக்கு இடையிலுள்ள தூரம் பெரும்பாலும் 1.5 மில்லி மீற்றர். சுசுக்கி, நிசான் கார்களிற் பெரும்பாலும் 1.25 மில்லி மீற்றர். நட்டுச் சில்லில் அமரும் முகமும் சிலவற்றிற் கூம்பு வடிவம், சிலவற்றில் உருண்டை வடிவம், சிலவற்றில் தட்டை. மரை மாறினால் ஆணி பழுதாகும். முகம் மாறினால் நட்டு இறுகியது போலத் தோன்றி ஓட்டத்திலே தளரும். காரில் உள்ள மற்றை நட்டொன்றைக் கையிற் கொண்டுசென்று, அதற்கு ஒத்ததையே வாங்குதல் வேண்டும்.

வைத்திருப்போருக்கும் சில கடமைகள் உண்டு. திறவுகோலை ஜக்கோடு சேர்த்துக் காரிலேயே ஓரிடத்தில் வைத்து, வீட்டார் அனைவருக்கும் அவ்விடத்தைக் காட்டிவைத்தல் வேண்டும். திறவுகோலோடு வந்த இலக்கச் சீட்டைக் காரில் வைக்காது வீட்டிலே காத்தல் வேண்டும். புதிய திறவுகோல் பெறுதற்கு அவ்விலக்கமே வழி. பூட்டு நட்டைக் கையாலேயே கழற்றவும் இறுக்கவும் டயர் கடையிற் சொல்லி, திறவுகோலைத் திரும்பப் பெற்ற பின்னரே புறப்படல் வேண்டும். ஆண்டுக்கு இருமுறையேனும், குறிப்பாகப் பருவக்காற்று ஓய்ந்தபின், நான்கையும் கழற்றித் துருவைக் கம்பித் தூரிகையால் துடைத்து மீண்டும் பூட்டுதல் நன்று. அண்மைக்கால யப்பானியக் கார்கள் சிலவற்றில் மேலதிகச் சில்லே இல்லை. துளையடைக்கும் பசையும் காற்றடிக்கும் சிறு பொறியும் மட்டுமே உண்டு. அதனால் திறவுகோல் வேண்டாமென்று எண்ணுவது தவறு. டயரின் பக்கம் கிழிந்தாற் பசை உதவாது. சில்லைக் கழற்றியே ஆகவேண்டும்.

பழைய கார் வாங்குவோரும் இதனை மறத்தலாகாது. இயந்திரத்தின் ஓசையையும் வர்ணத்தின் பளபளப்பையும் ஆராய்பவர், சில்லிலே வட்டத் தலை நட்டு இருக்கின்றதா என்று குனிந்து பார்ப்பதில்லை. இருந்தால், காசு கைமாறுமுன் திறவுகோலைக் கேட்டு வாங்கி, நான்கு சில்லிலும் அதனை இட்டுத் திருகிப் பார்த்தல் வேண்டும். முதற் சொந்தக்காரர் தொலைத்த திறவுகோலுக்காக மூன்றாம் சொந்தக்காரர் நடுவீதியில் நிற்பது நேர்மையான வியாபாரம் ஆகாது.

பூட்டின் பெருமை அது மூடியிருப்பதில் மட்டும் இல்லை. வேண்டியவருக்கு வேண்டிய வேளையில் திறப்பதிலும் இருக்கின்றது. திறவுகோலைக் காக்கும் பொறுமை உள்ளவர் பூட்டையும் வைத்துக்கொள்ளட்டும். அப்பொறுமை இல்லாதவர், வழியில் நிற்கும் நாள் வருமுன்னே, பகல் வெளிச்சத்தில், தம் வீட்டு முற்றத்தில், அந்நான்கு நட்டுகளையும் கழற்றிவிடட்டும்.