கலிபோர்னியா கவர்னர் தேர்தல், 1934: அபேட்சகர்கள் பற்றி நம் கருத்து



நம் நாட்டில் கவர்னரை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை. டில்லியிலிருந்து நியமித்து அனுப்புகிறார்கள். அமெரிக்காவில் ஒவ்வொரு ராஜ்யத்து மக்களும் ஓட்டுப் போட்டுத் தங்கள் கவர்னரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ராஜ்யத்தின் பட்டாளம் அவர் உத்தரவுக்குக் கட்டுப்பட்டது. ஆகவே அந்த நாற்காலியில் யார் உட்காருகிறார் என்பது, வேலைநிறுத்தம் செய்யும் தொழிலாளிக்கு உயிர்ப் பிரச்னை. 1934ல் கலிபோர்னியாவில் நடந்ததைப் பாருங்கள்.

ரிபப்ளிகன் கட்சி அபேட்சகர் பிராங்க் மெரியம். துணைக் கவர்னராக இருந்தவர். ஜூன் மாதம் கவர்னர் இறந்ததும் பதவிக்கு வந்தார். அப்போது சான்பிரான்சிஸ்கோ துறைமுகத்தில் வேலைநிறுத்தம். அங்கே தொழிலாளர்கள் விடியற்காலையில் கூட்டமாக நிற்க வேண்டும். மேஸ்திரி விரல் நீட்டியவனுக்கு வேலை. மற்றவன் வீட்டுக்குப் போகலாம். மாமூல் கொடுத்தவன் பக்கம் விரல் நீளும். நமக்கு இது புதுக் கதையா? ஆள் எடுப்பது சங்கத்தின் கையில் இருக்க வேண்டும் என்று கேட்டார்கள். ஜூலை 5ந் தேதி போலீஸ் சுட்டது. ஹோவர்ட் ஸ்பெர்ரி என்ற துறைமுகத் தொழிலாளியும், நிக் பார்டாய்ஸ் என்ற சமையல் தொழிலாளியும் மாண்டார்கள். மெரியம் அன்றே துறைமுகத்துக்குப் பட்டாளத்தை அனுப்பினார். அவரைப் பற்றி வேறு ஆராய்ச்சி தேவையில்லை.

டெமாக்ரடிக் கட்சி அபேட்சகர் அப்டன் சின்கிளேர். சிகாகோ மாமிசத் தொழிற்சாலைகளின் கொடுமையை 1906ல் நாவலாக எழுதியவர். மூடிக் கிடக்கும் ஆலைகளையும் சும்மா கிடக்கும் நிலங்களையும் சர்க்கார் எடுத்து, வேலையில்லாதவர்களிடம் கொடுக்கும். அவர்கள் லாபத்துக்காக அல்ல, தங்கள் தேவைக்காக உற்பத்தி செய்வார்கள் என்றார். 60 வயதான ஏழைகளுக்கு மாதம் 50 டாலர் பென்ஷன் என்றார்.

நல்ல மனிதர், நல்ல நோக்கம். ஆனால் ஓடுகிற ஆலை முதலாளியிடமே இருக்குமாம், மூடிய ஆலை மட்டும் தொழிலாளிக்காம்! முதலாளி இதைக் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருப்பானா?

இருக்கவில்லை. எம்.ஜி.எம். படக்கம்பெனியின் தலைவர் லூயி மேயர், அங்கே ரிபப்ளிகன் கட்சித் தலைவர்களில் ஒருவர். மெரியம் நிதிக்காகக் கம்பெனி ஊழியர்களிடம் ஒரு நாள் சம்பளம் வசூலிக்கப்பட்டது. செய்திப்படம் என்ற பெயரில் பொய்ப் படங்கள் எடுத்துக் கொட்டகைகளில் காட்டினார்கள். நாடோடிக் கூட்டம் ரயிலேறி வந்து குவிகிறதென்று ஒரு பத்திரிகை போட்டோ போட்டது. அது ஒரு சினிமாக் காட்சி! சின்கிளேரின் நாவல் பாத்திரங்கள் பேசியதையெல்லாம் அவரே சொன்னதாக அச்சடித்தார்கள். ஜனாதிபதி ரூஸ்வெல்டோ, சின்கிளேரை அழைத்து அன்பாகப் பேசி அனுப்பினாரே தவிர, ஆதரித்து ஒரு வார்த்தை பகிரங்கமாகச் சொல்லவில்லை.

மூன்றாமவர் ரேமண்ட் ஹைட் என்ற வக்கீல். இரண்டு பேரும் வேண்டாம் என்பவர்களுக்கு நடுவழி காட்டினார். கம்யூனிஸ்ட் கட்சி சார்பில் சாம் டார்சி நின்றார். 6 ஆயிரத்துக்கும் குறைவான ஓட்டுகளே கிடைத்தன.

மெரியம் 11 லட்சத்து 38 ஆயிரம், சின்கிளேர் 8 லட்சத்து 79 ஆயிரம், ஹைட் 3 லட்சத்து 2 ஆயிரம். கூட்டிப் பாருங்கள்: மெரியமுக்கு எதிராக விழுந்த ஓட்டே அதிகம். ஹைட்டின் ஓட்டெல்லாம் சின்கிளேருக்கு வந்திருக்கும் என்று நாம் சொல்லவில்லை.

இந்தக் கணக்கில் வராதவர்களும் உண்டு. முந்திய ஆண்டு, 1933 அக்டோபரில், சான் வாகீன் சமவெளியில் பருத்தி எடுக்கும் ஆயிரக்கணக்கானோர் வேலைநிறுத்தம் செய்தார்கள். 100 ராத்தலுக்கு 1 டாலர் கேட்டார்கள். பண்ணையார்கள் 60 சென்ட் என்றார்கள். பிக்ஸ்லி ஊரில் பண்ணையார்களின் துப்பாக்கிக்கு இருவர் பலியானார்கள். ஆனாலும் 75 சென்ட் வாங்கினார்கள். பெரும்பாலோர் மெக்சிகோக்காரர்கள். குடியுரிமை இல்லாதவர்களுக்கு ஓட்டுக் கிடையாது. கவர்னர் யார் என்பதைத் தீர்மானித்தபோது, கவர்னரால் அதிகம் பாதிக்கப்படுகிறவர்கள் வரிசையிலேயே இல்லை!

அந்தத் தேர்தலில் சின்கிளேரின் இயக்கத்தோடு நின்று சட்டசபைக்குப் போனவர் கல்பர்ட் ஓல்சன். 1938ல் அவர் மெரியமைத் தோற்கடித்தார். பொய்ச் சாட்சியால் 1916லிருந்து சிறையில் வாடிய தொழிற்சங்கவாதி டாம் மூனியை, பதவியேற்ற சில நாட்களில், 1939 ஜனவரியில் விடுதலை செய்தார்.