சாப்பிட்டது தங்குச்சா? ஜவ்வாது மலைப் பையனும் குன்னூர் எலிகளும்

போன மாசம் ஜவ்வாது மலைக்குப் போயிருந்தேன். ஜமுனாமரத்தூர் பக்கம் ஒரு அக்கா வீட்டுல மதியச் சாப்பாடு. மலையேறி வந்தாச்சு, சாமைச் சோறு கிடைக்குமான்னு கேட்டேன். அக்கா சிரிச்சுட்டாங்க. "சாமையை வித்துடுவோம் தம்பி. வீட்டுக்கு ரேஷன் அரிசிதான்."

பக்கத்துல அவங்க பையன், மூணு வயசு இருக்கும். அவனைக் காட்டி, "வயிறு நிறையத்தான் சாப்பிடுறான். ஆனா அங்கன்வாடியில எடை போட்டா ஏறவே மாட்டேங்குதுங்கிறாங்க. ஏன் தம்பி?"ன்னு கேட்டாங்க. எனக்குப் பதில் தெரியல. திரும்பி வந்து தேடினேன். பதிலோட ஒரு பகுதி நம்ம குன்னூர்லயே இருந்துச்சு, எலிக்கூண்டுக்குள்ள.

1918-ல ராபர்ட் மெக்காரிசன்னு ஒரு டாக்டர், குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்ல பெரிபெரி நோய் ஆராய்ச்சியைத் தொடங்கினார். இன்னைக்கு ஹைதராபாத்ல இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தோட ஆரம்பம் அதுதான். அவரோட பிரபலமான சோதனை ரொம்ப சிம்பிள். ஒரே வயசு எலிகளைக் குழுவாப் பிரிச்சு, ஒவ்வொரு குழுவுக்கும் இந்தியாவோட ஒரு பகுதிச் சாப்பாடு. கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, காய்ன்னு சீக்கியர் சாப்பாடு சாப்பிட்ட எலிகள் சராசரி 235 கிராம் வந்துச்சு. தீட்டின அரிசிச் சோறும் காபியுமா மெட்ராஸ் சாப்பாடு சாப்பிட்ட எலிகள்? 155 கிராம். கடைசி இடம் நமக்குத்தான்!

ஆனா தராசு 'எடை ஏறல'ன்னு மட்டும்தான் சொல்லும். ஏன்னு சொல்லாது. சாஃப்ட்வேர் ஆளுங்களுக்குப் புரியும். ஆப் ஸ்லோன்னு தெரிஞ்சா போதாது, லாக் பார்க்கணும். உடம்போட லாக் எங்க இருக்கு? சிறுநீர்லயும் மலத்துலயும்.

1930-கள்ல அதே குன்னூர்ல எம். சுவாமிநாதன் இந்தக் கணக்கைப் போட்டார். (பசுமைப் புரட்சி சுவாமிநாதன் இல்ல, இவர் வேற.) இதுக்குன்னு மெட்டபாலிக் கூண்டுன்னு ஒண்ணு இருக்கு. அடியில கம்பி வலை, அதுக்குக் கீழ புனல். சிறுநீர் தனியா, மலம் தனியா சேரும். புரதத்துல சுமார் 16 சதவீதம் நைட்ரஜன். அதனால நைட்ரஜனைத் துரத்தினா புரதம் எங்க போச்சுன்னு தெரிஞ்சிடும். மலத்துல போனது பெரும்பாலும் செரிக்காதது. சிறுநீர்ல போனது, உடம்புக்குள்ள போயும் பயன்படாம வெளிய வந்தது. மீதிதான் தசையா தங்கினது.

உள்ள போயும் ஏன் பயன்படல? இட்லி மாவை நினைச்சுக்கோங்க. அரிசி மூட்டையா இருக்கு, உளுந்து ஒரு பிடிதான். எத்தனை இட்லி வரும்? உளுந்து இருக்கிற அளவுக்குத்தான். தானியப் புரதத்துல அந்த உளுந்து மாதிரி குறையறது லைசின்ங்கிற அமினோ அமிலம். அது தீர்ந்ததும் மத்த அமினோ அமிலங்களை வச்சுப் புதுப் புரதம் கட்ட முடியாது. உடைஞ்சு யூரியாவா வெளிய போயிடும். பருப்புல லைசின் நிறைய. சோத்தோட பருப்பு சேர்ந்தா கணக்கு மாறும்.

இங்க சிறுதானிய ரசிகர்களுக்கு ஒரு வார்த்தை. சாமையிலயும் லைசின் கம்மிதான். தவிடு போகாத சாமையில நார்ச்சத்து, பி வைட்டமின் எல்லாம் இருக்கு, சரி. ஆனா அதுவும் தனியா நின்னா போதாது.

இன்னொரு ட்விஸ்ட். எலி மனுஷன் இல்ல. அதுக்கு உடம்பு முழுக்க முடி. முடி வளர மெத்தியோனின்னு இன்னொரு அமினோ அமிலம் நிறைய வேணும், அது பருப்புல கம்மி. அதனால எலியை வச்சு மார்க் போட்ட காலமெல்லாம் பருப்புக்கு நியாயமில்லாம மார்க் குறைஞ்சது. 1991-ல ஐ.நா. உணவு அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் வெளியிட்ட அறிக்கை அளவுகோலையே மாத்துச்சு. எலிக்குப் பதிலா யாரை வச்சாங்க தெரியுமா? 2 முதல் 5 வயசுக் குழந்தையோட தேவையை. அக்கா பையன் வயசு!

அப்போ அவனுக்கு என்ன ஆகுது? அவனைப் பார்க்காம நான் டாக்டர் வேலை பார்க்க முடியாது. ஆனா கேட்க வேண்டிய கேள்விகள் தெரியுது. சோத்தோட பருப்போ முட்டையோ தினமும் சேருதா? சின்ன வயித்துக்கு ஒரு நாளைக்கு எத்தனை வேளை? மொத்தத்துல சாப்பாடு பத்தலன்னா உடம்பு புரதத்தையே விறகா எரிக்கும். அடிக்கடி பேதியா? செரிக்காம போகும். காய்ச்சலா? இருக்கிற தசையும் கரையும்.

இது ஒரு வீட்டுக் கதையும் இல்ல. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு படி, தமிழ்நாட்டுல 5 வயசுக்குள்ள இருக்கிற குழந்தைகள்ல 25 சதவீதம் வயசுக்கேத்த உயரம் இல்ல. நாலுல ஒண்ணு.

மெக்காரிசன் சாப்பாட்டை வச்சு இந்தந்த இனம் பலசாலின்னு பேசினார். எனக்கு அங்கதான் இடிக்குது. எலிக்குத் தட்டுல என்ன விழணும்னு ஆராய்ச்சியாளர் முடிவு பண்ணார். அக்கா தட்டுல என்ன விழணும்னு சாமை விலையும், பருப்பு விலையும், ரேஷன் கடையும் முடிவு பண்ணுது.

அக்காவுக்கு ஃபோன் பண்ணி இதையெல்லாம் சொன்னேன். பொறுமையா கேட்டுட்டு, "பருப்பு என்ன விலைன்னு உனக்குத் தெரியுமா தம்பி?"ன்னாங்க. எனக்குத் தெரியல. ஆப்ல ஆர்டர் பண்றவன், விலையைப் பார்க்கிறதில்ல.

அந்தக் கேள்வியோட இன்னைக்கு முடிச்சுக்கலாம். அடுத்த எபிசோட்ல பார்ப்போம் மக்களே.